பலூன் துப்பாக்கிக்கு எந்த எண்ணெய்?

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமை உள்ளவர்கள் கடைசிவரை படியுங்கள்.

சென்ற வாரம் மாலை நடை முடிந்து வீட்டுக்கு வந்தால், திண்ணையில் என் பழைய மாணவன் ஒருவன் உட்கார்ந்திருந்தான். அவனுக்கு நாற்பத்தைந்து வயதாகிறது. முன்மண்டையில் முடி போய்விட்டது. பக்கத்தில் கோணிச் சாக்கில் சுற்றிய மூன்று ஏர்கன்கள் இருந்தன. தீபத் திருவிழாவில் பலூன் சுடும் கடை போடுகிற குடும்பம் அவனுடையது. அப்பா காலத்திலிருந்து இதே தொழில்தான்.

"சார், ரெண்டு பழசு, ஒண்ணு புதுசு. மூணுக்கும் ஒரே எண்ணெய் போடலாமா?" என்று கேட்டான். கேட்டுவிட்டு அவனே சிரித்தான். "எங்கப்பா சொல்லிட்டாரு, வாத்தியார் எண்ணெய் சொன்னா, ஏன் எதுக்குன்னு ரெண்டு தரம் கேட்டுட்டுப் போடுன்னு."

உள்ளேயிருந்து என் மனைவி சிரிக்கும் சத்தம் கேட்டது. என்னால் உடனே சிரிக்க முடியவில்லை. அந்தச் சிரிப்புக்குப் பின்னால் 1996-ல் நடந்த ஒரு கதை இருக்கிறது. இதுவரை எங்கேயும் எழுதியதில்லை. இன்று எழுதிவிடுகிறேன்.

நம் ஊர் தீபத் திருவிழாவைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2668 அடி உயர மலை உச்சியில் மகா தீபம். கொப்பரைக்கு ஆயிரக்கணக்கான கிலோ நெய். கீழே மாட்டுச் சந்தை, குதிரைச் சந்தை, ராட்டினம், வளையல் கடை, மிளகாய் பஜ்ஜி. அந்த வரிசையில் பலூன் கடையும் ஒன்று. ஓர் அட்டையில் வரிசையாகப் பலூன், ஒரு மேசை, இரண்டு துப்பாக்கி, ஒரு டப்பா ஈய ரவை. பார்க்கச் சின்னக் கடைதான். ஆனால் திருவிழா நாட்களில் வருகிற காசில்தான் அந்தக் குடும்பத்துக்கு அடுத்த நாலைந்து மாதம் ஓடும்.

அந்த வருடம் பையன் என்னிடம் 11-ஆம் வகுப்பு. கொடியேற்றத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது அவனுடைய அப்பா என்னைத் தேடி வந்தார்.

"சார், நீங்க சைன்ஸு வாத்தியார், உங்களுக்குத் தெரியாம இருக்காது. பகல்ல நல்லாத்தான் சுடுது. ராத்திரி ஆனா துப்பாக்கி சோம்பிப் போவுது. ரவை பலூன்ல பட்டுக் கீழ வுழுது, பலூன் ஒடைய மாட்டேங்குது. ஜனம் சண்டைக்கு வருது."

"உள்ளே என்ன எண்ணெய் போடறீங்க?" என்றேன்.

"தேங்கா எண்ணெய்தான் சார். சைக்கிள் பம்பு வாஷருக்குப் போடுவோமே, அந்த மாதிரி."

அவர் சொன்னதில் பாதி சரி. அந்தக் காலத்து ஏர்கன்களில் பிஸ்டன் தலையில் தோல் வாஷர்தான். சைக்கிள் பம்பிலும் அதே தோல் வாஷர்தான். வெயிலில் காய்ந்து சுருங்கினால் காற்று பக்கவாட்டில் கசியும். எண்ணெய் போட்டால் தோல் ஊறி, விரிந்து, குழாய்ச் சுவரோடு ஒட்டும். அந்த அறிவு அவருக்குப் பழக்கத்தில் வந்தது. அவருக்குப் பிடிபடாதது தேங்காய் எண்ணெயின் குணம். 24 டிகிரிக்குக் கீழே போனால் அது உறைய ஆரம்பிக்கும். கார்த்திகை மாத ராத்திரியில், மழை பெய்து ஓய்ந்த பிறகு, நம் ஊரில் குளிர் இருபது டிகிரி பக்கம் இறங்கும். வீட்டில் எண்ணெய்ப் புட்டியே கட்டிப்போகிற நாட்களில் துப்பாக்கிக்குள் மட்டும் எப்படி இளகி நிற்கும்? பிஸ்டன் சேற்றில் மாட்டிய வண்டிச் சக்கரம் மாதிரி இழுத்துக்கொண்டு போகிறது. போதாததற்கு, இந்த மாதிரி எண்ணெய் நாளாக நாளாகப் பிசின் போல் ஒட்டத் தொடங்கும்.

நோயைச் சரியாகக் கண்டுபிடித்துவிட்டேன் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. மருந்தில்தான் கோட்டைவிட்டேன். வீட்டில் தையல் மெஷினுக்கு வைத்திருந்த எண்ணெயை எடுத்துக் கொடுத்தேன். "இது உறையாது. தினமும் கடை திறக்கும்போது அந்தத் துளையில் நாலு சொட்டு விடுங்க" என்றேன். குழலை மடக்கினால் எதிரே ஒரு சின்னத் துளை தெரியும். அழுத்தப்பட்ட காற்று அந்த வழியாகத்தான் வந்து ரவையைத் தள்ளும். அதில் விடச் சொன்னேன். அவர் கும்பிட்டுவிட்டு வாங்கிக்கொண்டு போனார்.

இரண்டாம் நாள் திருவிழாவில் குடும்பத்தோடு போயிருந்தேன். தூரத்திலேயே அவர் கடைச் சத்தம் கேட்டது. வழக்கமான 'டப்' இல்லை. பட்டாசு மாதிரி 'படார்'. குழல் முனையில் மெல்லிய புகை. கடையில் ஏகக் கூட்டம். "சார், உங்க எண்ணெய்க்கு இன்னா பவர் பாத்தீங்களா!" என்று அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். என் மகளுக்குக் காசு வாங்காமல் நாலு சுடு கொடுத்தார். நான் மிதப்போடு வீடு திரும்பினேன். அந்தப் புகையைக் கண்ணால் பார்த்தேன், அந்த வாசனையை மூக்கால் முகர்ந்தேன். மனதில் ஒரு கேள்வியும் எழவில்லை.

ஆறாம் நாள் இரவு, அளவுக்கு மீறிய வேகத்தில் போன ஒரு ரவை பலூனையும் அட்டையையும் துளைத்துப் பின்னால் இருந்த தகரத்தில் மோதியது. சிதறிய ஈயத் துண்டு ஒன்று திரும்பி வந்து, பலூன் கட்டிக்கொண்டிருந்த அவருடைய நெற்றியில் பட்டது. புருவத்துக்கு ஒரு விரற்கடை மேலே. மூன்று தையல். கொஞ்சம் கீழே பட்டிருந்தால் கண். மறுநாள் ஒரு துப்பாக்கியின் ஸ்பிரிங் இரண்டாக உடைந்தது. தேர் வருகிற நாள், கூட்டம் நெரிகிறது, கடையில் ஒரே துப்பாக்கி. தரை வாடகை முழுசாகக் கட்டியாகிவிட்டது.

இதெல்லாம் எனக்கு உடனே தெரியாது. அவர் வந்து சொல்லவும் இல்லை.

அரையாண்டு விடுமுறை முடிந்து ஜனவரியில் பள்ளி திறந்தது. வகுப்பில் டீசல் எஞ்சின் பாடம். "பெட்ரோல் எஞ்சினுக்கு ஸ்பார்க் பிளக் உண்டு, டீசல் எஞ்சினுக்குக் கிடையாது. காற்றைச் சட்டென்று அழுத்தினால் அது சில நூறு டிகிரி சூடாகும். அந்தச் சூட்டில் எண்ணெய் தானாகவே பற்றிக்கொள்ளும்" என்று பலகையில் படம் போட்டு விளக்கிக்கொண்டிருந்தேன். கடைசி பெஞ்சில் இந்தப் பையன் எழுந்தான்.

"சார், எங்கப்பா துப்பாக்கியில புகை வந்துச்சே, அதுவும் இதுதானா சார்?"

அவன் குற்றம் சொல்லவில்லை. பாடத்தில் வருகிற சந்தேகமாகத்தான் கேட்டான். எனக்குச் சாக்பீஸ் கையிலேயே நின்றுவிட்டது. சிலிண்டர், பிஸ்டன், சட்டென்று அழுத்தப்படும் காற்று, உள்ளே எண்ணெய். பலகையில் நான் போட்டிருந்த படமும் அவன் அப்பாவின் துப்பாக்கியும் ஒன்றேதான். பல வருடம் இந்தப் பாடத்தை நடத்தியிருக்கிறேன். கண்ணெதிரே அது நடந்தபோது எனக்குத் தெரியவில்லை. ஒரு பதினாறு வயதுப் பையனுக்குத் தெரிந்தது.

"ஆமாம்ப்பா, இதேதான். தப்பு உங்கப்பா மேல இல்ல, என் மேல" என்று வகுப்பிலேயே சொன்னேன். தையல் போட்டதும் ஸ்பிரிங் உடைந்ததும் அப்புறம்தான் அவன் சொல்லித் தெரிந்தது.

அன்று சாயங்காலமே அவர் வீட்டுக்குப் போனேன். ஸ்பிரிங் செலவுக்கென்று பணம் கொண்டுபோயிருந்தேன். அவர் வாங்க மறுத்துவிட்டார். "வாத்தியார் கிட்ட காசு வாங்கறதா? வுடுங்க சார். நல்லது நெனச்சித்தானே சொன்னீங்க" என்றார். நெற்றியில் தழும்பு புதுசாக இருந்தது. அவர் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

காசு வாங்காதவருக்கு வேலையாவது செய்து கொடுக்க வேண்டும் என்று, இரண்டு துப்பாக்கிகளையும் எடுத்துக்கொண்டு வேலூர்ப் பக்கம் போனேன். ராணுவத்தில் ஆயுதங்களைப் பழுது பார்க்கும் பிரிவில் வேலை செய்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் அங்கே இருப்பதாக ஒரு நண்பர் சொல்லியிருந்தார். பெரியவர் துப்பாக்கியைத் திறந்து தோல் வாஷரை எடுத்துக் காட்டினார். ஓரமெல்லாம் கருகி, அடுப்பில் வாட்டிய அப்பளம் மாதிரி இருந்தது.

"என்ன எண்ணெய் நல்லதுன்னு கேக்கறீங்க. முதல்ல எந்த இடத்துக்குன்னு கேளுங்க" என்றார். அன்று அவரிடம் கற்றதையும், பிறகு படித்துத் தெரிந்துகொண்டதையும் கீழே எழுதுகிறேன். ஏர்கன் வைத்திருப்பவர்களுக்கும், பலூன் கடைக்காரர்களுக்கும் உபயோகப்படும்.

1. பிஸ்டனுக்கு முன்னால் உள்ள காற்றறை. சூடு பிறக்கிற இடம் இதுதான். தையல் மெஷின் எண்ணெய், எஞ்சின் ஆயில், கிரீஸ், டபிள்யூடி-40 எதுவும் இங்கே போகக் கூடாது. மண்ணெண்ணெய் வம்சத்துச் சரக்கெல்லாம் இங்கே எரிபொருள்தான். சத்தம் அதிகமாகும், ரவை ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு வேகத்தில் போகும், வாஷர் கருகும், ஸ்பிரிங் உடையும். இங்கே போகத் தகுந்தது சிலிக்கோன் எண்ணெய். அது அவ்வளவு எளிதில் தீப்பற்றாது. அதுவும் ஒரு சொட்டு, பல நூறு சுடுக்கு ஒரு தடவை.

இங்கிலாந்தில் கார்டியூ என்ற தந்தையும் மகனும் ஸ்பிரிங் ஏர்கனை நைட்ரஜன் வாயு நிரப்பிச் சுட்டுப் பார்த்திருக்கிறார்கள். ஆக்சிஜன் இல்லாததால் எதுவும் எரிய முடியாது. ரவையின் வேகம் நன்றாகவே குறைந்துவிட்டது. அதாவது ஒழுங்காக இருக்கிற துப்பாக்கியிலும் துளி எண்ணெய் எரியத்தான் செய்கிறது. துளி எரிவது வேறு. நான் செய்தமாதிரி தினம் நாலு சொட்டு ஊற்றி வெடிக்க வைப்பது வேறு.

2. தோல் வாஷர். பழைய துப்பாக்கிகளில் இருக்கும். தோல் காயக் கூடாது. மேல்நாட்டில் இதற்கு நீட்ஸ்ஃபுட் என்று ஓர் எண்ணெய் போடுவார்கள். மாட்டின் கால் எலும்பிலிருந்து எடுப்பது. பேர் பெற்ற மாட்டுச் சந்தை கூடுகிற நம் ஊரில் அந்தப் பேரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. அன்று நான் சோதனைக்கூடப் பொருட்கள் விற்கும் கடையில் சிலிக்கோன் எண்ணெய் வாங்கினேன். குழல் முனை மேலே பார்க்கும்படி துப்பாக்கியை நிறுத்தி, அந்தத் துளையில் இரண்டு மூன்று சொட்டு விட்டு, ராத்திரி முழுக்க அப்படியே வைக்க வேண்டும். எண்ணெய் இறங்கித் தோலில் ஊறும். காலையில் முதல் சில சுடுகளை ஆள் இல்லாத பக்கம் சுட்டுத் தீர்த்துவிட வேண்டும். "தோலுக்கு ஈரம் வேணும், குளிப்பாட்டக் கூடாது" என்பார் பெரியவர்.

3. ரப்பர், பிளாஸ்டிக் வகை வாஷர். புதுத் துப்பாக்கிகளில் இதுதான். இது எண்ணெய் குடிக்காது. தோலுக்கு விடுகிற அளவு இதற்கு விட்டால் அத்தனையும் காற்றறையில் தேங்கும். சில எண்ணெய்கள் ரப்பரை ஊதவைத்துக் கெடுத்தும்விடும். சிலிக்கோன் ஒரு சொட்டு போதும். நன்றாகச் சுடுகிறது என்றால் அதுவும் வேண்டாம்.

4. பிஸ்டனின் பக்கவாட்டு, ஸ்பிரிங்கின் இரு முனைகள், மடக்கும்போது உராய்கிற கம்பி. இரும்பும் இரும்பும் அழுத்தமாகத் தேய்கிற இடங்கள். சிலிக்கோன் இங்கே உதவாது. இரும்புக்கு இரும்பு தேய்கிற இடத்தில் அதற்குத் தாங்கும் பலம் போதாது. மாலிப்டினம் டைசல்பைடு கலந்த பசை வேண்டும். கறுப்பாக இருக்கும், கடையில் மாலி என்றால் கொடுப்பார்கள். அதன் அணு அடுக்குகள் சீட்டுக்கட்டு மாதிரி ஒன்றின் மேல் ஒன்று வழுக்கும். பழைய மாட்டுவண்டி அச்சுக்கு வைக்கோல் கரியையும் விளக்கெண்ணெயையும் குழைத்து மை போடுவார்களே, அதுவும் இந்த ஜாதிதான். எண்ணெய் அழுத்தத்தில் விலகிப் போனாலும் கரி நின்று காப்பாற்றும். விரல் நுனியால் மெல்லிய பூச்சு போதும். பிஸ்டன் தலைக்கு முன்னால் மட்டும் போகக் கூடாது.

5. ஸ்பிரிங். சுடும்போது 'டொய்ங்' என்று அதிர்கிறதா? கெட்டியான, ஒட்டுகிற வகை கிரீஸைச் சுருளின் மேல் மெல்லியதாகத் தடவினால் அடங்கும். அப்பிவிட்டால் பிஸ்டன் வேகம் குறையும்.

6. மடங்கும் கீல், டிரிகர் அச்சு. தையல் மெஷின் எண்ணெய்க்குச் சரியான இடம் இதுதான். ஊசி முனையால் ஒரு சொட்டு. டிரிகர் உள்ளே பல் கவ்வுகிற இடத்தில் கண்டதையும் விடாதீர்கள். அது வழுக்கினால் கைபடாமலே துப்பாக்கி வெடிக்கும்.

7. வெளி இரும்பு. திருவிழாவில் நூறு பேர் வியர்வைக் கை படும், மேலே மழைத் தூறல் விழும். ராத்திரி கடை கட்டும்போது லேசாக எண்ணெய் தொட்ட துணியால் துடைத்துவிட்டால் துரு வராது. குழலின் உட்புறம் எண்ணெய் இல்லாமல் காய்ந்த துணியால் துடைத்திருக்க வேண்டும்.

ஒலிம்பிக் போட்டியில் பார்க்கிறோமே, நம் கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் சுடுகிற வகைத் துப்பாக்கி, அதில் ஸ்பிரிங் கிடையாது. 200 பார் அழுத்தத்தில் காற்று முன்பே சிலிண்டரில் அடைத்திருக்கும். சாதாரண காற்று மண்டல அழுத்தத்தைப் போல் சுமார் 200 மடங்கு. அங்கே ரப்பர் வளையங்களுக்குச் சிலிக்கோன் கிரீஸ் மட்டும்தான். தப்பிப்போய் ஒரு சொட்டு மெஷின் எண்ணெய் உள்ளே போனால் விளைவு மூன்று தையலோடு நிற்காது.

எண்ணெய் தவிர இன்னும் சில விஷயங்கள். ரவை இல்லாமல் சும்மா சுடாதீர்கள். முன்னால் காற்றுத் தடை இல்லாமல் பிஸ்டன் போய் இரும்பில் மோதும். ஸ்பிரிங் அழுத்தத்தில் இருக்கிற துப்பாக்கியை, அதற்குரிய கருவி இல்லாமல் வீட்டில் பிரிக்காதீர்கள். அட்டைக்குப் பின்னால் தகரம் வைக்காமல் மணல் மூட்டையோ, மடித்த கோணிச் சாக்கோ வையுங்கள். கடைப் பையன்கள் ரவையை வாயில் அடக்கிக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்துப் போடுவார்கள். அது ஈயம், விஷம். தயவுசெய்து அந்தப் பழக்கத்தை நிறுத்துங்கள். குருவி, கிளி, மயில் மேல் குறி வைக்கவே வைக்காதீர்கள்.

மறுபடி 1997-க்கு வருகிறேன். பெரியவர் புதுத் தோல் வாஷர் வெட்டிப் போட்டு, ஸ்பிரிங் மாற்றிக் கொடுத்தார். செலவு என்னுடையது. "வேலூர்க்காரர் சும்மாவே செஞ்சு கொடுத்தார்" என்று பையனின் அப்பாவிடம் பொய் சொன்னேன். அவர் நம்பினாரா என்று தெரியாது. அந்த வருடத் தீபத்தன்று கடைக்குப் போய் ஓரமாக நின்று கேட்டேன். 'டப்', 'டப்' என்று ஒரே அளவாகச் சத்தம். புகை இல்லை. மலை மேல் நெய் எரிந்துகொண்டிருந்தது. கீழே எண்ணெய் எரியவில்லை. அன்றுதான் எனக்கு மூச்சு வந்தது.

அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை டீசல் எஞ்சின் பாடத்தை இந்தக் கதையோடுதான் தொடங்கினேன். பேர் சொல்லாமல், "ஒரு வாத்தியார் செய்த தப்பு" என்று. பிள்ளைகள் சிரிப்பார்கள். மறக்க மாட்டார்கள்.

சென்ற வாரம் திண்ணையில் அவன் மூன்று துப்பாக்கிகளையும் பிரித்து வைத்தான். புதுசு எது, தோல் எது, ரப்பர் எது என்று அவனே சொன்னான். நான் ஒவ்வொன்றுக்கும் காரணத்தோடு சொன்னேன். அவன் ஒரு பழைய நோட்டில் எழுதிக்கொண்டான். நடுவில் நிறுத்தி இரண்டு தரம் "ஏன் சார்?" என்று கேட்டான். அப்பா சொல்லி அனுப்பியதை மறக்கவில்லை.

கிளம்பும்போது, "அப்பா எப்படி இருக்கார்?" என்றேன்.

"நல்லா இருக்காரு சார். கண்ணு இன்னும் நல்லாத் தெரியுது. கடைக்கு வந்து ஒக்காந்துப்பாரு. இந்தத் தீபத்துக்கு உங்களைக் கட்டாயம் வரச் சொன்னாரு. நாலு சுடு ஃப்ரீயாம்."

கண் நன்றாகத் தெரிகிறது என்று அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். எனக்குத்தான் பதில் சொல்லக் கொஞ்ச நேரம் ஆனது.

போகப் போகிறேன். ஆனால் இந்த முறை நாலு சுடுக்கும் காசு கொடுத்துவிடுவேன்.



(ஓய்வு பெற்ற இயற்பியல் ஆசிரியர், திருவண்ணாமலை)